அம்புக்குறி

பதினஞ்சு வேலம்பாளையம்.
பெயரிலேயே எண் வைத்திருக்கும் ஊருக்குக்
கணக்கு டீச்சராய் வந்து இது ஆறாவது வருஷம்.
சனிக்கிழமை. எட்டாம் வகுப்புக்குப் பெற்றோர் கூட்டம்.
சம்பள நாளில் கூட்டம் வைத்தது யாரென்று
காலையிலிருந்து பதினோரு பேர் கேட்டுவிட்டார்கள்.
நான்தான் என்று சொல்லவில்லை.

வழக்கம் இதுதான்:
மேஜைக்கு அந்தப்பக்கம் ஒரு அம்மாவோ அப்பாவோ,
இந்தப்பக்கம் நான்.
பிள்ளை வராந்தாவில்,
ஜன்னல் கம்பியில் விரல்கள் மட்டும் தெரிய.
"நல்லாப் படிக்கச் சொல்லுங்க" என்பேன்.
"நீங்களே ரெண்டு போடுங்க" என்பார்கள்.
கையெழுத்து. ஒருவருக்குப் பெருவிரல்.
அடுத்த ஆள்.
ஒரு பிள்ளைக்கு நான்கு நிமிஷம்,
நாற்பத்திரண்டு பிள்ளைகள்.
இந்த ஒரு கணக்கை மட்டும் நான்
யாருக்கும் நடத்தியதில்லை.

பன்னிரண்டே காலுக்கு வசந்தாமணி வந்தார்.
முடியில் பஞ்சுத் துகள்,
கழுத்தில் இன்னும் கழற்றாத கம்பெனி அட்டை.
"அரை ஷிப்ட் உட்டுப்போட்டு வந்திருக்கறனுங்க டீச்சர்,
சித்தெ வெவரமாச் சொல்லிப்போடுங்க."
மதிப்பெண் அட்டையை அவர் பக்கம் திருப்பினேன்.
கணக்கு: முப்பத்தேழு. சிவப்பு வட்டம்.
"பொண்ணுக்குக் கவனம் போதாதும்மா."

அந்த வட்டத்தையே பார்த்திருந்தார்.
பிறகு கேட்டார்:
"எந்த எடத்துலீங்க?"

எந்த இடத்தில் என்றால்?

"நான் செக்கிங்குங்க.
பீஸ் சரியில்லைன்னு மொட்டையா எழுதி வெச்சா
சூப்பர்வைசர் வைவாருங்க.
ஓட்டையா, எண்ணெய்க் கறையா, தையல் உட்டுருக்குதா,
அந்த எடத்துல அம்புக்குறி ஒட்டோணும்.
அப்பத்தான் தைக்கற புள்ள பிரிச்சுத் தைக்கும்.
முப்பத்தேழுன்னா
நான் எங்கீங்க பிரிக்கறது?"

ஜன்னல் கம்பியில் விரல்கள் அசைந்தன.

அந்த விரல்களையே கேட்கலாமே என்று
ஆறு வருஷம் கழித்துத் தோன்றியது.
"பிரணிதா, உள்ள வா. நாற்காலி எடுத்துக்கோ."
நாற்காலி இல்லை.
அம்மா நகர்ந்து தன்னுடையதில் பாதி தந்தார்.

விடைத்தாளை விரித்தோம்.
கம்பெனி அட்டையின் உறைக்குள்ளிருந்து
வசந்தாமணி ஒரு துண்டுத் தாளை உருவினார்.
வரிசையாய்ச் சின்னச் சிவப்பு அம்புகள்.
"ஒட்டு சாமி. அம்மா வையமாட்டேன்."

முதல் அம்பு:
அடைப்புக்குறிக்கு வெளியே மைனஸ் நிற்கும் இடம்.
"இங்க குறி மாறும்னு தெரியும் மிஸ்.
ஏன் மாறுதுன்னுதான் தெரியல."
இரண்டாவது, காலிப் பக்கத்தின் நடுவில்:
"மொத நாள் அம்மாவுக்கு நைட்டு. தம்பிக்குக் காய்ச்சல்."
வசந்தாமணி ஏதோ சொல்ல வாயெடுத்து
முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவதை விரல் நுனியில் வைத்துக்கொண்டு
ரொம்ப நேரம் யோசித்தாள்.
தாளில் எங்கும் ஒட்டவில்லை.
மேஜையின் ஓரத்தில்,
கூர் என்னைப் பார்க்க அழுத்திவிட்டு,
"நாங்க எழுதி முடிக்கறதுக்குள்ள
போர்டை அழிச்சர்றீங்க மிஸ்" என்றாள்,
தலை நிமிராமல்.

"டீச்சர்கிட்ட இப்படியா பேசுவாங்க?"
"பேசட்டுமுங்க" என்றேன்.
தூத்துக்குடிக்காரி எனக்கு
அந்த 'ங்க' எப்போது ஒட்டிக்கொண்டதோ.

மைனஸைப் பற்றித் திங்கள்கிழமை பேசலாம் என்றோம்.
காய்ச்சலுக்கு என் சாக்பீஸில் பதில் இல்லை;
நைட்டு எந்தெந்த நாள் என்று மட்டும்
அட்டையின் பின்புறம் குறித்துக்கொண்டேன்.
கையெழுத்து இந்தமுறை மூன்று.
இருபத்தாறு நிமிஷம். வெளியே வரிசை முணுமுணுத்தது.
மிச்சமிருந்த வேலைக்கு அம்மா ஓடினார்.
மேஜையிலிருந்ததைக் கிள்ளி எடுக்கப் போனாள் பிரணிதா.
இருக்கட்டும் என்றேன்.

அடுத்து வந்தவர் கோழித்தீவன லாரி ஓட்டுகிறவர்.
உட்காருவதற்கு முன்பே, "எத்தனைங்க?"
"பையன் எங்கே?"
"அவனெதுக்குங்க?"

ஜன்னல் கம்பியில்
நான்கு விரல்கள், ஒன்றின் நகத்தில் மை.